விமானத்தின் வால்மேல் ஒருத்தி

மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து தேதியைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ஒரு புது ஜெட் விமானம் வானத்தில் தானாகவே மூக்கைத் தூக்குகிறது என்று நான் சொல்லியிருந்தேன். அதற்குக் காரணம் என் அடிவயிற்றில் இருக்கும் என்று வோல்கா கரையில் இருந்த எங்கள் சோதனைத் தளத்தில் ஒரு குழுவே நம்பியது.

ஜெர்மனியோடு நடந்த போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போரில் நான் சண்டை விமானம் ஓட்டியவள். பெண்களே ஓட்டி, பெண்களே பழுது பார்த்த படைப்பிரிவு எங்களுடையது. என் மார்பில் இருக்கும் பதக்கங்களை யாரும் இரக்கப்பட்டுக் குத்திவிடவில்லை. போர் முடிந்ததும் எங்கள் பிரிவைக் கலைத்துவிட்டு, ஆளுக்கொரு துணி பீஸ் கையில் கொடுத்து, போய்க் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். நான் அந்தத் துணியில் இன்ஜின் எண்ணெய் துடைத்தேன். மாஸ்கோவில் ஏறாத மாடிப்படி இல்லை, தட்டாத கதவு இல்லை. என் தொல்லை தாங்காமல்தான் என்னைச் சோதனை விமானி ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன். புது விமானம் படைக்குப் போகும் முன்னால் அதை ஓட்டிப் பார்த்து, அது ஆளை எந்த இடத்தில் கொல்லும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

அந்த ஜெட்டை முதலில் ஓட்டியவர் எங்கள் தளபதி கர்னல் பூர்மின். நல்ல விமானி, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மலை மாதிரி உடம்பு. அவர் இருக்கையில் இறங்குவதற்கு இரண்டு பேர் தோளை அமுக்க வேண்டும். இறங்கி வந்து, வெண்ணெய் மாதிரி பறக்கிறது என்றார். அடுத்து நான் ஏறினேன். பூட்ஸோடு சேர்த்து நிறுத்தாலும் நான் அவரில் பாதிதான் இருப்பேன்.

மேலே போய் வேகம் பிடித்து, கைப்பிடியை லேசாக இழுத்தேன். மூக்கு தூக்கியது. இழுத்ததை விட்டேன், அப்போதும் தூக்கிக்கொண்டே போனது. இரண்டு கையாலும் முன்னால் தள்ளித்தான் அடக்க முடிந்தது. இறங்கியதும் குழுவின் முன்னால் நின்று உள்ளது உள்ளபடி சொன்னேன். வால்மேல் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரும்மா படுத்திருந்தது? பேரச் சொல்லு, ரேஷன்ல கழிச்சிடலாம்" என்றார் பூர்மின்.

நான் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்முனையில் வசந்தம் வந்தால் ஓடுபாதை முழுக்கச் சேறாகிவிடும். எங்கள் பழைய விமானங்களுக்கு மூக்கில்தான் இன்ஜின். சேற்றில் சக்கரம் மாட்டினால் அப்படியே குப்புறச் சாய்ந்து மூக்கை மண்ணில் குத்திக்கொள்ளும். அதனால் மெக்கானிக் பெண் வாலின் மேல் குறுக்காகக் குப்புறப் படுத்துக்கொள்வாள். சேறு தாண்டி இறுகின தரைக்கு வந்ததும் நான் கையை உயர்த்துவேன். அவள் குதித்து இறங்குவாள். நான் கிளம்புவேன்.

என் வால்மேல் படுத்தவள் கிளஃபீரா, எனக்குக் கிளாஷா. நெடுநெடுவென்று, அகலமான தோள்களோடு இருப்பாள். ஒருநாள் எதிரி விமானங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டன. பதற்றத்தில் நான் கையை உயர்த்தாமலே கிளம்பிவிட்டேன். தரையை விட்டு எழும்பியதும் தெரிந்தது, மூக்கு அடங்க மறுக்கிறது, வால் கனக்கிறது. திரும்பிப் பார்த்தேன். வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முடியெல்லாம் பறக்க, கிளாஷா என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வட்டம் அடித்து, முட்டையை இறக்கி வைப்பது போல அவளை இறக்கினேன். அவள் வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அப்புறம், தன் கனத்தால் நான் செத்திருப்பேனே என்று ஒரு வாரம் அழுதாள். அந்தக் கனம் என் கைக்குத் தெரியும். அதைத்தான் குழுவிடம் சொன்னேன்.

அவர்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். இன்னொரு முறை இப்படிக் கதை கட்டினால் தபால் மூட்டை சுமக்கிற விமானத்துக்கு மாற்றிவிடுவதாகப் பூர்மின் எல்லோர் முன்னாலும் சொன்னார். கிளாஷாவும் அங்கே நின்றிருந்தாள். போர் முடிந்தபின் அவளையும் இங்கே மெக்கானிக்காக வரவழைத்தவள் நான்தான்.

இரண்டாம் முறை பறந்தேன். வெண்ணெய். மூன்றாம் முறையும் வெண்ணெய். எவ்வளவு இழுத்தாலும் மூக்கு சொன்ன பேச்சுக் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. குழுவின் முன்னால் எழுந்து நின்று, முதல்நாள் நான் சொன்னது தவறு, களைப்பில் கை ஏமாற்றிவிட்டது என்றேன். மன்னிக்கச் சொன்னேன். ஆமாம், நான்! பூர்மின் பெரிய மனதோடு தோளில் தட்டினார். விமானம் குறையற்றது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் கிளாஷாவிடம் சொன்னேன், நான் முடிந்துபோனவள் என்று. போர் என் நரம்பையெல்லாம் தின்றுவிட்டது, இல்லாத கனம் எல்லாம் எனக்குத் தெரிகிறது என்றேன். அவள் குனிந்த தலை நிமிராமல் கறுப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இரண்டே பேர். அவள் ஆறு பேருக்கு ரொட்டி வெட்டினாள்.

அடுத்த கட்டம் பீரங்கிச் சோதனை. ஜெட்டின் மூக்கில் இருக்கும் பீரங்கிகளை எல்லாம் வானத்தில் சுட்டுத் தீர்க்க வேண்டும். அதற்கு வந்தவன் ஓஸ்கின். போர்முனையில் பக்கத்துப் படைப்பிரிவுக்காரன். என் உயரம், என் எடை. எல்லோரும் அவனைக் குருவி என்பார்கள். விமானத்தில் ஏற ஸ்டூல் கேட்பான், ஸ்டூல்மேல் ஏற இன்னொரு ஸ்டூல் கேட்பான். சிரிக்க வைக்காமல் நகர மாட்டான். மறுநாள் காலை அவன் பறப்பதாக இருந்தது.

அன்று மதியம் கையுறையை மறந்துவிட்டேன் என்று கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். ஜெட்டின் மூக்குத் தகடு திறந்திருந்தது. கிளாஷா உள்ளேயிருந்து ஒரு கித்தான் பையை வெளியே இழுத்து, பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அப்படியே உறைந்தாள். நான் போய் அவள் கையிலிருந்து பையை வாங்கினேன். அது என்னைத் தரைக்கு இழுத்தது. உள்ளே செத்த பேட்டரிகளின் ஈயத் தகடுகள். பையின் ஓரத்தில் இருந்த தையல் எனக்குத் தெரிந்த தையல். போர் முழுக்க என் சட்டைக் காலரைத் தைத்த கை அது.

"என்ன இது?"

"எடை" என்றாள். "உன்கிட்ட இல்லாத எடை."

அடுத்து அவள் சொன்னதை எல்லாம் நான் நின்ற இடத்திலேயே கேட்டேன். வால்மேல் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அந்த அறையில் அதைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதானாம். பூர்மின் உட்கார்ந்தால் மூக்கு கனத்து விமானம் சமமாகிறது, நான் உட்கார்ந்தால் மூக்கு லேசாகி வால் கனக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம். சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் நான் ஏறும் முன்னால் பையை மூக்கில் கட்டி வைத்தாளாம். நாளைக்குப் பீரங்கிக்காரர்கள் மூக்கைத் திறப்பார்கள், அதற்குள் எடுத்துவிட வந்தாளாம்.

"உன்ன எறக்கியிருப்பாங்கடி ரிம்மா" என்றாள். "போர்ல உன் வால்மேல படுத்தேன். இதுல படுக்க முடியல. அதான் மூக்குல வச்சேன்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? ஜெர்மன்காரன் என் இறக்கையைச் சல்லடையாகத் துளைத்தபோது கூட எனக்கு அப்படி வந்ததில்லை. பூர்மின் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர் எனக்கு யார்? டாக்டர் கேட்டால் கேட்கட்டும். ஆனால் இவள்! என் கை பொய் சொல்லவில்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இவள்தான். தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து, நான் என்னையே பைத்தியம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு ரொட்டி வெட்டியிருக்கிறாள்.

"என் வாயாலயே என்னப் பொய்காரி ஆக்கிட்டியேடி" என்றேன். "நாளைக்கு இதுல யாரு ஏர்றான்?"

"ஓஸ்கின்."

"ஓஸ்கின் என்ன எடை இருப்பான்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குண்டு எல்லாம் சுட்டு முடிச்சப்புறம் மூக்குல என்ன மிச்சம் இருக்கும்?"

அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. அதுவரை என்னைப் பற்றி மட்டுமே நினைத்திருக்கிறாள். உடனே போய் எல்லாவற்றையும் கர்னலிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். நான் வழியை மறித்தேன். எங்கள் காலத்தில் ஒரு மெக்கானிக் ராணுவ விமானத்துக்குள் ஈயத்தை ஒளித்து வைத்தால் அதற்கு அன்பு என்று பெயரில்லை. நாசவேலை என்றுதான் பெயர். அந்தப் பெயரோடு கிழக்கே சைபீரிய முகாம்களுக்கு ரயில் ஏறினவர்களில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் நானே கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பூர்மின் அறையில் தொழிற்சாலை எஞ்சினியர் தெரேந்தியெவும் இருந்தார். மெல்லிய மனிதர், பேச்சு குறைவு. இந்த விமானத்தின் வரைபடம் அவருடையது. பையை மேசையில் போட்டேன். தேநீர் கிளாஸ்கள் குதித்தன. நான் போட்ட கையெழுத்து தவறு, முதல்நாள் சொன்னதுதான் சரி, வேலை போய்விடுமோ என்று பயந்து இந்த ஈயத்தை நானே மூக்கில் ஒளித்து வைத்தேன் என்றேன். பீரங்கி காலியானால் ஓஸ்கின் செத்துப்போவான் என்றேன்.

பூர்மின் பையைத் தொட்டுக் கூடப் பார்க்கவில்லை. நீ செய்ததற்கு என்ன தண்டனை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். மே தின அணிவகுப்பில் இந்த விமானம் பறக்கும் என்று மேலே சொல்லியாகிவிட்டது, ஓஸ்கின் நாளை பறந்தே தீருவான், எந்த ரிம்மாவை நான் நம்புவது, போன வாரத்து ரிம்மாவையா இந்த வாரத்து ரிம்மாவையா என்று கேட்டார்.

"என்ன நம்ப வேணாம்" என்றேன். "நீங்களே ஏறிக் குண்டு அத்தனையும் சுட்டுட்டு வாங்க. பயமா இருந்தா டாக்டர்கிட்ட போங்க. தேதி கேப்பாரு, சொல்லுங்க."

அவர் முகம் பீட்ரூட் சூப் நிறத்துக்குப் போனது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதுவரை செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தெரேந்தியெவ் தலை நிமிர்ந்து, இவளே பறக்கட்டும் என்றார். அவர் குரல் சரியாக இல்லை. கணக்கு எங்கே போய் முடிகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. பூர்மின் ஓஸ்கினின் இடத்தில் என்னை அனுப்ப ஒப்புக்கொண்டார்.

காலையில் விமானத்தின் பக்கத்தில் எல்லோரும் நின்றார்கள். நான் ஏணியில் கால் வைக்கும்போது பூர்மின் சொன்னார்: "பறந்துக்கோ. இதான் உனக்குக் கடைசி."

எந்த விமானத் தளத்திலும் யாரும் வாயால் சொல்லாத சொல், கடைசி என்பது. குடிபோதையில் கூடச் சொல்ல மாட்டார்கள். மெக்கானிக்குகள் தரையைப் பார்த்தார்கள். அபசகுனம் கழிய ஓஸ்கின் இடது தோளுக்குப் பின்னால் மூன்று முறை துப்பினான். கிளாஷா என் பெல்ட்டை இறுக்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அறைந்திருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். இரண்டையும் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

ஸ்டெப்பிப் புல்வெளியில் பனி கரையத் தொடங்கியிருந்தது. சுடுகளத்துக்கு மேலே போய்க் குண்டுகளைச் சுட்டேன். ஒவ்வொரு வரிசை தீரும்போதும் கைப்பிடி லேசாகிக்கொண்டே வந்தது. கடைசி வரிசை தீர்ந்ததும் கீழ்நோக்கிய சாய்விலிருந்து மெல்ல இழுத்தேன். மூக்கு தூக்கியது. தள்ளினேன், நிற்கவில்லை. ஒரு கிளாஷா இல்லை, நாலு கிளாஷா வால்மேல் ஏறிப் படுத்த மாதிரி இருந்தது. விமானம் செங்குத்தாக நின்று, வேகம் இழந்து, பக்கவாட்டில் விழுந்தது. கண் இருட்டியது. பாராசூட்டில் குதிக்கலாம்தான். குதித்தால் விமானம் மண்ணில் நொறுங்கிப்போகும், பெண் பயந்து குதித்தாள் என்று எழுதுவார்கள், அடுத்த விமானத்தில் ஓஸ்கினை ஏற்றுவார்கள். குதிக்கவில்லை.

வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். பூர்மினுக்குப் பாதி, கிளாஷாவுக்குப் பாதி. கைப்பிடியை முன்னால் தள்ளி, இரண்டு முழங்கால்களையும் அதற்கு முட்டுக் கொடுத்தேன். தரை பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு மூக்கு மனமில்லாமல் தாழ்ந்தது. அப்படியே முழங்காலால் அழுத்திக்கொண்டே திரும்பினேன். இறங்கும்போது வால் காங்கிரீட் ஓடுபாதையில் உரசித் தீப்பொறி பறந்ததாம், ஓஸ்கின் பிறகு சொன்னான். எனக்குத் தெரியாது. நின்றதும் என்னை இரண்டு பேர் தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

விமானத்திலிருந்த பதிவுக் கருவி நான் சொன்னதையே சொன்னது. கருவிக்கு மாதவிலக்கு கிடையாது என்பதால் அதை நம்பினார்கள். மறுநாள் குழு கூடியது. பூர்மின் உத்தரவைப் படித்தார்: எடை குறைந்த விமானிகளை இந்த வகை விமானத்தில் அனுமதிக்கக் கூடாது. அவ்வளவுதான். விமானத்தில் குறை இல்லை, என்னிடம்தான் குறை. ஓஸ்கினை நிறையக் கஞ்சி குடிக்கச் சொன்னார்கள். அவனும் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

நான் எழுந்தேன். பேச அனுமதி கேட்கவில்லை.

"பீரங்கி காலியானா நீங்களும் நானும் ஒண்ணுதான் தோழர் கர்னல். சண்டை முடிச்சுத் திரும்பி வர்ற எல்லாருக்கும் பீரங்கி காலியாத்தான் இருக்கும். உங்க தொந்தி எத்தன குண்டுக்கு ஈடாகும்னு யாராச்சும் நிறுத்துப் பாத்தீங்களா?"

பூர்மின் எழுந்து வெளியே போய்விட்டார். அதோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரமே, யாரையும் கூப்பிடாமல், அவர் தானே ஜெட்டில் ஏறிச் சுடுகளத்துக்குப் போய்க் குண்டெல்லாம் சுட்டுவிட்டு வந்தார். இறங்கும்போது வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை. நேரே தெரேந்தியெவ் அறைக்குப் போனார். அடுத்து வந்த வரைபடத்தில் மூக்குக்குள் ஒரு ஈயத் தகடு இருந்தது. நாலு போல்ட், ஒரு பாக எண். யார் சொல்லி வந்தது என்று அதில் இல்லை. உத்தரவு கிழிக்கப்பட்டது. மே தினத்துக்கு விமானம் தயாரானது. பாராட்டு பூர்மினுக்குப் போனது.

என் தண்டனையை அவர் குறைத்து எழுதினார் என்று கேள்வி. நன்றி சொல்ல நான் போகவில்லை. கண்டனக் கடிதம் ஒன்று, ஒரு வருடத்துக்கு ஜெட்டுகளில் தடை. போர்க்காலத்துப் பழைய விமானம் ஒன்றைக் கொடுத்து, தினமும் காலையில் மேலே போய் மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். தபால் மூட்டையை விட ஒரு படி மேல்.

கிளாஷாவிடம் நான் பேசவில்லை. அவள் என் ரொட்டியைத் தட்டில் வைப்பாள், நான் எடுத்து ஓஸ்கின் தட்டில் வைப்பேன். அவளிடமிருந்து உண்மையைத் தெரிந்துகொண்டு, எனக்காகச் செய்தாள் என்று ஓஸ்கின் தூது வந்தான். அதுதான்டா கோபம் என்றேன். என்னை வெறுத்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். என் கையை நானே சந்தேகப்பட வைத்தது என்னை நேசித்தவள். கையை நம்பாத விமானி செத்தவள். இது அவளுக்குத் தெரியாதா?

ஏப்ரலில் பனி முழுக்கக் கரைந்து, தளத்தின் பழைய புல்தரை ஓடுபாதை சேறானது. ஒருநாள் காலை பழைய விமானத்தைக் கிளப்பி நகர்த்தினேன். சக்கரம் சேற்றில் மாட்டியது, மூக்கு தாழ்ந்தது. குப்புறச் சாயப் போகிறது என்று இன்ஜினை நிறுத்தக் கையை நீட்டினேன். அதற்குள் வால் தாழ்ந்து விமானம் நிமிர்ந்தது. அந்தக் கனம் எனக்குத் தெரியும். திரும்பாமலே தெரியும். இருந்தும் திரும்பினேன். நனைந்த பஞ்சு ஜாக்கெட்டோடு வால்மேல் குறுக்கே படுத்துக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குடி" என்று கத்தினேன். "உன்ன நான் கேட்டேனா?"

"கேக்கல" என்று அவளும் கத்தினாள். "ஆனா இந்தத் தடவ உனக்குத் தெரியற மாதிரிதான படுத்திருக்கேன்."

என் கோபம் போகவில்லை. இன்று வரைக்கும் முழுதாகப் போகவில்லை. முன்னால் திரும்பி விமானத்தை நகர்த்தினேன். சேறு முடிந்து இறுகின தரை வந்ததும் நிறுத்தி, கையை நன்றாக உயர்த்தினேன். வாலிலிருந்து அந்தக் கனம் இறங்கியது என் கைக்குத் தெரிகிறவரை காத்திருந்தேன். அதற்கப்புறம்தான் கிளம்பினேன்.